வெடித்துக் கிடக்கும் ஏரிக்குள் யார்?

கேள்வி: எங்கள் ஊர் ஏரி சித்திரை பிறந்தால் காய்ந்துவிடும். வைகாசியில் தரை பாளம் பாளமாக வெடித்து, கையை நுழைக்கிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசியில் தண்ணீர் வந்து கொஞ்ச நாளில் நத்தை, தவளை, நண்டு, விரால் எல்லாம் இருக்கும். யாரும் குஞ்சு வாங்கி விடுவதில்லை. "மழையோட மீனும் விழும்" என்பார் என் அப்பா. ஏழாவது படிக்கும் என் மகள் அதை நம்ப மறுக்கிறாள். அவளுக்குத் தகவமைப்பு என்றால் ஒட்டகமும் பனிக்கரடியும்தான் தெரியும். "அப்போ நம்ம ஊர் உயிருக்கெல்லாம் தகவமைப்பே கிடையாதாம்மா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது? இந்த வருடம் ஏரியில் வண்டல் எடுக்கப் போவதாகப் பேச்சு. அதனால் இந்த உயிர்களுக்குக் கெடுதல் உண்டா?
– ஒரு வாசகி, திருமானூர் ஒன்றியம், அரியலூர் மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு. ஒட்டகம் பிறந்ததிலிருந்து சாகும்வரை வறண்ட நாட்டில்தான் இருக்கிறது. பனிக்கரடிக்கு எப்போதும் குளிர். ஒவ்வொன்றும் ஒரே வகைத் துன்பத்துக்குப் பழகியது. உங்கள் ஏரியில் இருக்கும் விராலுக்கு வருடத்தில் சில மாதம் ஆள் முழுகும் தண்ணீர், சில மாதம் வெறும் சேறு. அந்த ஒரே உடம்பை வைத்துக்கொண்டு இரண்டிலும் அது பிழைக்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் வருடத்து மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதைப் பிடித்து வைக்கத்தான் நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள். வருடா வருடம் நிரம்பி வருடா வருடம் வற்றும் இந்த ஏரிகளில் நிலைத்துவிட்ட உயிர்களைப் பாடத்தில் வைத்தால், ஒட்டகத்தைவிட நன்றாகவே பிள்ளைகளுக்குப் புரியும். வாசற்படியிலிருந்து நடந்துபோய்ப் பார்த்துவிடலாமே.

உங்கள் பகுதியில் பல இடங்களில் இருப்பது கரிசல். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், நனைந்தால் உப்பி மூடிக்கொள்ளும். மேலே பார்த்தால் ஓடு மாதிரி இருக்கும் அந்த மண்ணை, ஏரியின் பள்ளமான இடத்தில் கொஞ்சம் ஆழமாகத் தோண்டிப் பாருங்கள். களிமண் ஈரத்தை எளிதில் விடுவதில்லை. நான் இனிச் சொல்லப்போகும் உயிர்களில் பலவும் அந்த ஈரத்தை நம்பித்தான் கோடையைக் கடக்கின்றன.

விராலை எடுத்துக்கொள்வோம். மீன் தண்ணீரில் கரைந்த காற்றைச் செவுளால் எடுத்துச் சுவாசிக்கிறது என்று படித்திருப்போம். வெயிலில் சூடாகி, செடி அழுகி, கலங்கிக் குறையும் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. கெண்டை வகைகள் அங்கே முதலில் செத்து மிதக்கும். விராலுக்குத் தலைக்குள்ளே, செவுளுக்கு மேல், இரண்டு பக்கமும் ஒரு சின்ன அறை உண்டு. அதன் உள்சுவரில் ரத்தநாளங்கள் நெருக்கமாக ஓடும் மடிப்புகள். விரால் மேலே வந்து வாயைத் திறந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி அந்த அறையில் நிறுத்திக்கொள்கிறது. நாளங்கள் அதிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தால், அசையாத தண்ணீரில் 'பளக்' என்று ஒரு சத்தமும் வட்ட அலையும் தெரியும். அது விரால் மூச்சு வாங்கும் சத்தமாக இருக்கலாம். இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போய்விட்டது என்றால், வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் தடுத்து வைத்தால் நல்ல தண்ணீரிலேயே அது மூச்சு முட்டிச் செத்துப்போகும். செவுள் மட்டும் அதற்குப் போதாது.

தண்ணீர் வற்ற வற்ற விரால் பள்ளத்துக்கு ஒதுங்கும். பிறகு சேற்றுக்குள் இறங்கிவிடும். தோலும் அந்தச் சுவாச அறையும் ஈரமாக இருக்கும்வரை, உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டு அசையாமல் காலம் தள்ளும். கோடையில் சேற்றைக் கிளறி விரால் பிடிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களிடம் உங்கள் மகள் அரை மணி நேரம் பேசினால் போதும். எல்லா விராலும் பிழைப்பதில்லை. தொடர்ந்து மழை பொய்த்து அடி ஈரமும் போய்விட்டால் சாகத்தான் செய்யும். பிழைக்கிறவை சில இருந்தால் போதும், ஏரி மறுபடி நிறைந்துவிடும். காரணம், விரால் தன் குஞ்சுகளை வளர்க்கும் முறை. செடிகளுக்கு நடுவே வட்டமாக இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டையில் எண்ணெய் இருப்பதால் அது மேலே மிதக்கும். ஆக்சிஜன் குறைந்த அடித்தண்ணீரில் மூழ்கி அழுகாது. பொரித்த குஞ்சுகள் செந்நிறத்தில் ஒரே கூட்டமாக நுரை கொதிப்பதுபோல் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு நகரும். கீழே தாயும் தகப்பனும் காவல். தவளை கிட்ட வந்தால் பாய்ந்து கடிக்கும். அந்தக் கோபத்தைத் தெரிந்துகொண்டுதான் தூண்டிலில் தவளையைக் கோத்துக் குஞ்சுக் கூட்டத்தின்மேல் ஆட்டுகிறார்கள். அப்படி ஒரு விராலைப் பிடித்தால் குழம்புக்கு ஒரு மீன் கிடைக்கும். காவல் போன குஞ்சுகளைக் கொக்கும் பாம்பும் தின்றுவிடும். குஞ்சோடு திரியும் விராலைத் தொடாதீர்கள் என்று உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

தேளி மீனின் கதை இன்னும் வியப்பானது. அதன் செவுளறையிலிருந்து இரண்டு காற்றுப் பைகள் முதுகெலும்பை ஒட்டி வால் பக்கம்வரை நீண்டு கிடக்கின்றன. மூச்சுக்கு அது போதும். ஆனால் சேற்றில் புதைந்த மீனுக்கு மூச்சைவிட மோசமான ஒரு சிக்கல் உண்டு. மீன்கள் உடம்பில் உண்டாகும் அம்மோனியாவைச் செவுள் வழியாகச் சுற்றியுள்ள தண்ணீரில் விட்டுவிடும். தண்ணீரே இல்லையென்றால் அந்த நஞ்சு உடம்பிலேயே தங்கும். நாமும் மற்ற பாலூட்டிகளும் செய்வதுபோல அதை யூரியாவாக மாற்றிக்கொள்ளும் வழி தேளிக்கு இருப்பதை, ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தின் நிர்மலேந்து சாகாவும் அவரோடு உழைத்தவர்களும் பல ஆண்டு ஆராய்ந்து காட்டினார்கள். அம்மோனியாவோடு ஒப்பிட்டால் யூரியாவின் கெடுதல் மிகக் குறைவு. பெரும்பாலான எலும்பு மீன்கள் வளர்ந்த பருவத்தில் இந்த வேலையைச் செய்வதில்லை. முள்ளால் குத்திவிடும் என்று நாம் எட்டி நிற்கும் மீனுக்குள் இப்படி ஒரு வேதியியல் நடக்கிறது.

இப்போது அப்பா சொன்னதற்கு வருவோம். சூறைச்சுழல் நீரோடு மீனைத் தூக்கிப் போட்டதாகச் செய்திகள் பல நாடுகளில் உண்டு. உங்கள் ஏரிக்கு அது தேவையில்லை. அப்பா பார்த்தது அனேகமாக எதிரேறும் மீன். புதுத்தண்ணீர் வரும்போது பல மீன்கள் ஓட்டத்துக்கு எதிராக ஏறி, வாய்க்கால், வயல், பாதைப் பள்ளம் என்று போய்விடும். அங்கேதான் முட்டையிட இடமும் குஞ்சுக்குத் தீனியும். மழை விட்டுக் காலையில் வெளியே வந்தால் களத்து மேட்டில் மீன் துள்ளும். முந்தின நாள் அங்கே தண்ணீரே இல்லை. வானத்திலிருந்துதான் விழுந்திருக்கும் என்று நினைப்பதில் ஆச்சரியம் என்ன? விரால் ஈரத்தரையில் நெளிந்தே அடுத்த குட்டைக்குப் போகும். பனையேறிக் கெண்டை செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஊன்றி நடக்கும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791-இல் ஒரு குளத்தோரப் பனைமரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார்; 1797-இல் லண்டனில் அது அச்சானது. மரமேறுவது அதன் வழக்கம் என்பதை அதற்குப் பிறகு யாரும் நிறுவவில்லை. மழையில் நனைந்த தரையில் நடப்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

வாய்க்கால் வழியாகவும் மீன் வரும். திருமானூர்ப் பக்கத்து ஏரிகள் பலவற்றுக்கு மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்காலில் வருகிறது; காவிரியின் குஞ்சுகளும் கூடவே வரும். பறவையின் வயிற்றுக்குள் போய்வரும் வழியும் உண்டு. ஹங்கேரியில் வாத்துகளுக்குக் கெண்டை முட்டைகளைத் தின்னக் கொடுத்துப் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். ஆயிரத்தில் இரண்டு முட்டை அளவுக்குத்தான் முழுசாக வெளியே வந்தன. ஆனால் அவற்றில் சில பொரிந்தன. ஒரு ஏரியில் இறங்கும் வாத்துகளின் எண்ணிக்கையையும் ஒரு மீன் இடும் முட்டைகளின் எண்ணிக்கையையும் நினைத்தால் அதுவும் சின்ன வழியல்ல.

நத்தைக்கு எங்கும் போக வேண்டியதில்லை. வயலிலும் ஏரியிலும் நாம் பார்க்கும் உருண்டை நத்தைக்கு உடம்பின் ஒரு பக்கம் செவுள், மறுபக்கம் நுரையீரல் போன்ற பை. தண்ணீரில் செவுள், கரையில் பை. தண்ணீர் வற்றும்போது சேற்றில் புதைந்து, காலோடு ஒட்டியிருக்கும் கெட்டியான மூடியை இழுத்துச் சாத்திக்கொள்ளும். உள்ளே ஈரம் போகாது, எறும்பு நுழையாது. தென்னிந்திய நத்தையான பைலா விரென்ஸை வி. ஆர். மீனாட்சி என்ற விலங்கியலாளர் 1950களிலும் 1960களிலும் ஆராய்ந்தார். இந்தக் கோடை உறக்கத்தில் ஆக்சிஜனைச் செலவிடாமலேயே உயிரைத் தக்கவைத்துக்கொள்ளும் வகையில் அதன் உடல் வேலை மாறிவிடுவதை அவர் எழுதினார். நம் வயல் நத்தையைப் பற்றிய அருமையான வேலை அது. பள்ளி ஆசிரியர்களுக்கு அது எட்டவில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

நத்தை இருக்கும் இடத்துக்கு நத்தைகுத்தி நாரை வரும். கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தில் அதைப் பார்க்கலாம். உங்கள் வயலிலும் பார்த்திருப்பீர்கள். சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கருப்புச் சிறகு, மூடிய பிறகும் நடுவில் வெளிச்சம் தெரியும் அலகு. அந்த இடைவெளியில் நத்தையை வைத்துப் பாக்குவெட்டி போல உடைக்கிறது என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் நாரை தின்றுவிட்டுப் போட்ட ஓட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் உடையாமல் முழுசாக இருக்கும். மேல் அலகால் நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூர்நுனியை மூடியின் ஓரத்தில் நுழைத்து, ஓட்டோடு சதையைக் கட்டியிருக்கும் தசையை அறுத்து, உடலை முழுசாக உருவிவிடுகிறது. கீழ் அலகின் நுனி பல பறவைகளில் வலப்பக்கம் லேசாக வளைந்திருக்கும். நத்தையின் ஓடும் வலப்பக்கம் சுழல்வது. இவ்வளவையும் கலங்கல் தண்ணீருக்குள் கண்ணால் பார்க்காமலேயே செய்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் வேலை பார்த்த இயற்கை ஆய்வாளர் ஜெர்டன், கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்த நாரை நத்தையைப் பிடித்துவிடும் என்று குறித்து வைத்திருக்கிறார். குஞ்சின் அலகில் இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நண்டு, வளையை ஈரம் தட்டும்வரை கீழே தோண்டிக்கொண்டு போய் அடியில் உட்கார்ந்துவிடும்; வயல் நண்டின் முட்டையிலிருந்து நேராகக் குட்டி நண்டே வெளிவருவதால், கடல் நண்டுபோல் மிதந்து திரியும் புழுப் பருவத்துக்குத் தண்ணீர் தேட வேண்டாம். பெரிய தவளை மண்ணுக்குள் காத்திருந்து, முதல் கனமழை இரவில் மஞ்சளாக மாறிக் கத்தத் தொடங்கும். தண்ணீர் நிற்கும் நாட்களுக்குள் தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேற வேண்டும் என்பதால் அதற்கு ஒரு இரவும் வீணாக்க முடியாது. பால் ஆமையின் பின்பக்க அடி ஓட்டில் இரண்டு மடிப்புகள் உண்டு. கால்களை இழுத்துக்கொண்டு அவற்றை மூடிச் சேற்றில் கிடக்கும்.

இவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்து தாங்குகிறவை. பறவைக்கு வேறு வழி, பறந்துவிடுவது. 1999-இல் சரணாலயமாகி, 2024-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் அறிவிக்கப்பட்ட கரைவெட்டிக்கு ஒவ்வொரு குளிர்காலமும் வரும் வரித்தலை வாத்து, இமயமலையைத் தாண்டி வருகிறது. அதன் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பற்றும், பறக்கும் தசைகளில் நுண்நாளங்கள் அதிகம், மூச்சும் ஆழம். கருவி பொருத்திப் பார்த்ததில் 7,290 மீட்டர் உயரம்வரை பதிவாகியிருக்கிறது. ஆனாலும் எப்போதும் உச்சியில் பறப்பதில்லை. மலையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே ஏறி இறங்கி, காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவையும் விடியலையும் பெரிதும் தேர்ந்தெடுக்கிறது. நல்ல உடம்பு வாய்த்தும் நேரம் பார்த்துப் பறக்கிறது என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. நம் ஊர் மஞ்சள் மூக்கு நாரையோ ஏரி வற்றுவதையே சாதகமாக்கிக்கொள்கிறது. வற்றும் தண்ணீரில் மீன் நெருக்கியடித்துக் கிடக்கும்போது, அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்து நடக்கும். மீன் பட்ட கணம் மூடிவிடும். அதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க நாரையைப் பற்றி 1963-இல் வெளியான ஆய்வின்படி, அலகு மூட எடுத்தது ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. குஞ்சுக்கு இரை அதிகம் தேவைப்படும் காலத்தில் ஏரிகள் இப்படிக் குறைந்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே ஏரி வற்றுவதைக் குறையாக நினைக்காதீர்கள். வருடம் முழுக்கத் தண்ணீர் ததும்பினால் இந்த நாரைக்குத்தான் கஷ்டம்.

வண்டல் விஷயத்துக்கு வருமுன் ஒன்று சொல்ல வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் காரை, குளக்காநத்தம் பக்கம் கிடைக்கும் சுருள் சுருளான கல் ஓடுகளை உங்கள் மகள் வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கலாம். அவை அம்மோனைட்டுகள், நம் மண் கடலாக இருந்த காலத்து உயிர்கள். அறை அறையாகத் தடுத்த ஓட்டுக்குள் காற்றையும் நீரையும் சமன்செய்து, வேண்டிய ஆழத்தில் மிதக்கத் தெரிந்தவை. 30 கோடி ஆண்டுக்கு மேல் செழித்துவிட்டு, 6.6 கோடி ஆண்டுக்கு முன் உலகமே திடீரென மாறியபோது அழிந்துபோயின. எவ்வளவு நேர்த்தியான தகவமைப்பும், தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வந்த துன்பத்துக்குத்தான் ஈடுகொடுக்கும். விராலுக்குக் கோடை பழக்கம். பொக்லைன் பழக்கமில்லை.

வண்டல் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எடுக்காவிட்டால் ஏரி மேடாகிக் கருவேலங்காடு ஆகிவிடும். விவசாயிக்கும் அந்த மண் வேண்டும். மண்வெட்டியும் கூடையும் மாட்டுவண்டியுமாக எடுத்த காலத்தில் வேலை கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. இன்று ஒரு வாரத்தில் கரையிலிருந்து கரைவரை சுரண்டிவிட முடிகிறது. அதுதான் ஆபத்து. மேல்மண்ணில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும், அதற்கடியில் நத்தையும், பள்ளத்துச் சேற்றில் விராலும் ஆமையும் இருக்கின்றன. ஆகவே ஊர்க்கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியவை இவை: ஏரியில் பாதியை இந்த வருடம் எடுங்கள், மீதியை அடுத்த வருடம். கடைசியாக வற்றும் பள்ளத்தைக் கைவைக்காமல் விடுங்கள். அங்கேதான் விரால் விதையாக நிற்கிறது. ஓரத்தைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக விடுங்கள், நத்தை ஈரமண்ணில் முட்டையிட ஏறவும் நாரை நடக்கவும் சரிவு வேண்டும். பால் ஆமை வெளிப்பட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. பிடிப்பதும் தின்பதும் தண்டனைக்குரிய குற்றம்.

இன்னொன்று. தண்ணீர் வந்ததும் 'மீன் வளரட்டும்' என்று யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுவந்து விட்டால் தடுத்து நிறுத்துங்கள். வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது. அதுவும் காற்றைச் சுவாசிக்கும், சேற்றில் தாங்கும், தரையில் நகரும், அகப்பட்டதையெல்லாம் தின்னும். நம் தேளிக்கும் விராலுக்கும் கோடை கொடுத்து வந்த பாதுகாப்பு, அதற்கும் அப்படியே கிடைத்துவிடுகிறது.

மகள் தானே பார்த்து நம்பட்டும். வைகாசியில், ஏரியின் காய்ந்த தரையிலிருந்து மேல்மண்ணை இரண்டு கையளவு எடுத்து, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியில் போடச் சொல்லுங்கள். மழைத்தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், வேண்டாம். வெளிச்சம் படும், ஆனால் நேர்வெயில் படாத திண்ணையில் வைத்துவிட்டுக் கலக்காமல் விடுங்கள். கொசு முட்டையிடாமல் மெல்லிய துணியால் மூடுங்கள். தண்ணீர் தெளிந்த பிறகு தினமும் மாலையில் பக்கவாட்டில் டார்ச் அடித்து, கைலென்ஸால் பார்க்க வேண்டும். சில நாட்களில் ஊசிமுனை அளவில் துள்ளித் துள்ளி நீந்தும் தெள்ளுப்பூச்சி போன்ற நீர்ப்பூச்சிகளும், இரண்டு சிப்பி ஓட்டுக்குள் இருந்து உருளும் உயிர்களும் தெரியலாம். அதிர்ஷ்டம் இருந்தால் மல்லாந்து நீந்தும், ஓடில்லாத சிற்றிறால் வகையும் வரும். எல்லாம் அந்தக் காய்ந்த மண்ணில் முட்டையாகக் கிடந்தவை. புதுத்தண்ணீரில் பொரிக்கும் மீன் குஞ்சுகளுக்கு முதல் தீனியும் இவைதான். எந்த நாளில் எது வந்தது என்று அவள் தேதி போட்டு, படம் வரைந்து எழுதி வைக்கட்டும். ஏரியின் மேட்டுப் பக்கத்து மண் ஒரு தொட்டி, பள்ளத்து மண் ஒரு தொட்டி என்று இரண்டு வைத்தால், எந்த இடத்தை வெட்டாமல் விடச் சொல்ல வேண்டும் என்பதற்கும் ஊர்க்கூட்டத்தில் காட்ட ஒரு சான்று கிடைக்கும்.